இடப்பக்கம் இரண்டு விரல்

கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்தபோது ஸ்டியரிங் வீல் சரிந்திருந்தது.

முந்தின மாலை அதை நேராக நிறுத்திவிட்டுத்தான் இட்வல் வீட்டுக்குள் போயிருந்தான். பின்னால் ஐயம் வரக் கூடாது என்பதற்காகவே, ஆடுகளின் முதுகில் குறியிடும் நீல மையைத் தொட்டு வீலின் உச்சியில் ஒரு கோடு இழுத்திருந்தான். இப்போது முன்சக்கரங்கள் இரண்டும் அவன் விட்டுப்போன இடத்தில், விட்டுப்போன கோணத்தில், சிமெண்டுத் தரைமேல் இம்மியும் பிசகாமல் நின்றுகொண்டிருக்க, அந்த நீலக் கோடு மட்டும் உச்சியிலிருந்து இடப்பக்கம் விலகி இருந்தது. தகரக் கூரையில் மழை தேய்த்துக்கொண்டிருந்த ஓசைக்கும், ஈரக் கம்பளியும் டீசலும் ஆட்டு மருந்தும் கலந்த வழக்கமான வாடைக்கும் அடியில், கொட்டகைக்குள் புதிதாக ஒரு மணம் இருந்தது. வெகுகாலம் நீருக்கடியில் கிடந்த கல்லை எடுத்து முகர்ந்தால் வருமே, அந்தக் குளிர்ந்த மணம்.

இட்வல் இடது ஜன்னல் வழியே உடலை நீட்டி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, உச்சிக்கும் கோட்டுக்கும் இடையில் வைத்துப் பார்த்தான். கச்சிதமாகப் பொருந்தின.

இரண்டு விரல் என்பது எல்கனின் அளவு.

எல்கன் அவனுடைய அண்ணன். இருபது வயதில் ஒரு கிடா அவனைப் பட்டிக் கம்பியோடு வைத்து நசுக்கியதில் இடது முழங்கை முறிந்து, கோணலாகவே கூடிவிட்டது; அதன்பின் அந்தக் கை தோளுயரத்துக்கு எழுந்ததில்லை. நேர்ச்சாலையில் போகும்போதும் வீல் இடப்பக்கம் இரண்டு விரல் சரிந்திருந்தால்தான், கையைத் தொடைமேல் தாழ்த்தி வைத்தபடி அவனால் ஓட்ட முடியும். பிறருக்குக் கோணலாகத் தெரிந்தது அவனுக்கு நேர். நான்கு சக்கரங்களும் இழுக்கும் இந்தப் பழைய மலைவண்டியை அவன் வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் ஓட்டினான். பள்ளத்தாக்கு முழுவதற்கும் அது தெரியும். சென்ற பிப்ரவரியில், கைவிடப்பட்ட ஸ்லேட் கல் குவாரிக்கு மேலுள்ள வளைவில் வண்டி பாதையை விட்டு இறங்கியபோது, அவன் கதவோடு பிய்த்தெறியப்பட்டுக் குழியின் அடியிலிருந்த குளத்துக்குள் போனான். வண்டி மட்டும் சரிவில் குவிந்துகிடந்த கல்சில்லுகளில் புதைந்து நின்றுவிட்டது. அண்ணனை ஊர்ச் சேப்பலின், அந்தச் சிறு தேவாலயத்தின், முற்றத்தில் அடக்கம் செய்தார்கள். வண்டியை டிராக்டரால் இழுத்து வந்தார்கள். நிலமும் ஆடுகளும் தம்பிக்கு வந்தன. ஓட்டுநர் பக்கத்துக்கு வேறு வண்டியின் கதவொன்றைப் பொருத்தினான் இட்வல். வளைந்த சட்டத்தில் அது சரியாக உட்காராமல் இறுகிக்கொண்டது. அன்றிலிருந்து அவன் இடப்பக்கம் ஏறி, இருக்கைகளின்மேல் நகர்ந்துதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் அமர்வான்.

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான். வீலை நேராக்குவது கடினமான வேலையல்ல. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து முன்சக்கரத்துக்குக் குறுக்காகப் போகும் நீளமான தண்டு ஒன்று உண்டு; விபத்துக்குப் பின் இட்வல் அதைப் புதிதாக மாட்டியிருந்தான். அதன் இரு முனைகளும் மரையில் திருகப்பட்டிருக்கும். தண்டு தானாகச் சுழன்றுவிடாதபடி இரண்டு கிளாம்புகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். கிளாம்புகளைத் தளர்த்தித் தண்டைத் திருப்பினால் அது நீளும், அல்லது குறுகும். சக்கரங்கள் அசையாதிருக்க, மேலே வீல் மட்டும் மெல்லத் திரும்பி வரும். வந்தபின் கிளாம்புகளை இறுக்கிவிட வேண்டும். சொல்லப்போனால் அந்த வேலையின் முழுப் பொறுப்பும் கடைசி இறுக்குதலில்தான் இருக்கிறது.

டார்ச் ஒளியில் கிளாம்பின் நட்டைத் தொட்டான். விரலோடு சேர்ந்து அது சுழன்றது. இரண்டாவதும் சுழன்றது. முந்தின மாலை ஸ்பேனர் நழுவி விரல்முட்டியின் தோல் கிழியுமளவுக்கு அவற்றை இறுக்கியிருந்தான். கிழிந்த இடம் இப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

புது நட்டுகள் குளிரில் சுருங்கி இளகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த விளக்கத்தை அவன் நம்பவில்லை. ஆனாலும் வேறொரு விளக்கத்தைத் தேடத் துணிவில்லாதவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

முற்பகலில் மழை விட்டதும் கெர்வின் தன் வேனில் மேலே வந்தான். ஒரே குடும்பப் பெயரைப் பாதி ஊர் சுமக்கும் அந்தப் பள்ளத்தாக்கில், ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரித்தறியத் தொழிலைப் பெயரோடு ஒட்டிவிடுவார்கள். கெர்வின் கராஜ். ஹியூ பால்வண்டி. இட்வலுக்கு ஒட்டியது ‘கேட்டு’. மலைப்பாதைகளில் ஓட்டுகிறவன் இறங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவன்தான் இறங்கி, கேட்டைத் திறந்து, வண்டி கடந்துபோகும்வரை பிடித்துக்கொண்டிருந்து, ஆடுகள் வெளியேறாதபடி மறுபடி மூடி, ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டும். கால் எட்டாத வயதிலிருந்து நாற்பத்தாறு வயதுவரை எல்கனுக்குப் பக்கத்தில் இருந்தவன் இட்வல். ஒருமுறை ஆட்டுச் சந்தையில், ஏலக்காரர்களும் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் சூழ நிற்கையில், இது யார் என்று ஒரு வெளியூர் வியாபாரி கேட்டதற்கு, எல்கன் தம்பியின் தோளில் தட்டி, “இதுவா? இது எங்க வீட்டு கேட்டு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இட்வலும் சிரித்தான். பெயர் நின்றுவிட்டது.

“என்ன கேட்டு,” என்றான் கெர்வின், வேனிலிருந்து இறங்கியபடி. “நாளைக்கு வண்டிய சோதனைக்குக் கொண்டு வர்றியா, இல்ல அதுவா வரட்டும்னு விட்டுட்டியா?”

கொண்டுவருவதாக இட்வல் சொன்னான். கெர்வின் ஜன்னலுக்குள் தலையை விட்டான்.

“இது என்னடா, பிரசங்கத்து நடுவுல தூங்கி விழுறவன் தலை மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு. உங்க அண்ணன் இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கான்னு நினைச்சேன்.”

வேலை இன்னும் முடியவில்லை என்று இட்வல் முணுமுணுத்தான்.

“வீலக் கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டிடலாம்னு மட்டும் நினைக்காதே, சொல்லிட்டேன். கழுத்து சுளுக்கினவனுக்குத் தொப்பிய நேரா வச்சுவிடுற வைத்தியம் அது. ராடத்தான் திருப்பணும்.” கைகளைத் துடைத்துக்கொண்டு, வேனை நோக்கி நடந்தவன் நின்றான். “ஆமா, பழைய ராடு எங்க?”

“எதுக்கு?”

“சும்மாதான். விழுந்த வேகத்துல உடைஞ்சிருந்தா அது வளைஞ்சிருக்கணும். தானா கழண்டிருந்தா வளைஞ்சிருக்காது. அந்தப் பனியில போலீஸ்காரன் எவன் குனிஞ்சு பார்த்தான்? உனக்குத் தெரிஞ்சிக்க வேணாமா?”

பழைய இரும்போடு போய்விட்டதாக இட்வல் சொன்னான். கெர்வின் தேவைக்குச் சற்று அதிகமாகவே அவனைப் பார்த்தான். பிறகு, நாளைக்குத் தானே வண்டிக்கு அடியில் படுத்து எல்லாவற்றையும் பார்த்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் அந்தச் சோதனை முடிந்தால்தான், அதை விலைபேசியிருந்த, எல்லைக்கு அப்பாலிருந்து வரும் ஆங்கிலேயன் எடுத்துக்கொண்டு போவான். போய்விட்டால், எல்கனை அறிந்த எவனும் இனி அதற்கடியில் படுத்து மரைகளைப் பற்றி யோசிக்கப்போவதில்லை. ஆனால் வீல் இப்படிச் சரிந்திருக்க, கிளாம்புகள் தளர்ந்திருக்கக் கெர்வின் பார்த்தானானால், அவன் மனம் பிப்ரவரிக்குத்தான் போகும். பழைய தண்டு இரும்புக்காரனிடம் போகவில்லை. வசந்தத்தில், பனி கரைந்த ஒரு பகலில், அவனே அதைக் குவாரியின் விளிம்பிலிருந்து குளத்துக்குள் எறிந்திருந்தான். அது வளைந்திருக்கவில்லை.

தளர்த்தினான் என்று எவரும் அவன்மேல் சொல்ல முடியாது. இறுக்கவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில்தான் இத்தனை மாதங்களாக அவன் குடியிருந்தான். சென்ற குளிர்காலத்தில் அந்தத் தண்டை மாற்றும்படி சொன்னது எல்கன். “எனக்கு எப்படி வேணும்னு உனக்குத் தெரியும்ல?” என்றான். இட்வலுக்குத் தெரியும். வீலை இடப்பக்கம் இரண்டு விரலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். கிளாம்பின் நட்டுகளை விரலால் திருகினான். ஸ்பேனரைக் கையில் எடுத்தான். பிறகு கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவச் சென்றான்.

அதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில், மலை முழுவதையும் மரம் நடும் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்போவதாக எல்கன் அறிவித்திருந்தான். அப்படியானால் தான் எங்கே போவது என்று இட்வல் கேட்டதற்கு, ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தாமலே, “உனக்கென்னடா கவலை, மரத்துக்கும் கேட்டு இருக்கும்” என்றான்.

இளகிய தண்டு மலைப்பாதையின் அதிர்வில் நாளுக்கு ஒரு மயிரளவு சுழன்றது. மரைகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. வேறு எந்த ஓட்டுநராக இருந்தாலும் வீல் நேர்நிலையிலிருந்து நகர்வதை முதல் வாரத்திலேயே கண்டிருப்பான். எல்கனோ கோணலுக்குள்ளேயே வாழ்ந்தவன். இரண்டு விரல் மூன்றாகி, மூன்று நான்கானதை அவன் கை உணரவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த இட்வல் ஒவ்வொரு நாளும் அந்த விலகலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இறங்கினான், கேட்டைத் திறந்தான், மூடினான், ஏறினான். கடைசி நாளன்று மட்டும் முதுகு வலிக்கிறதென்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டான். தன் வாழ்வில் முதன்முறையாக எல்கன் தானே இறங்கி மலைக் கேட்டைத் திறந்து, தானே மூடிவிட்டுப் போனான்.

கெர்வின் வந்துபோன அன்று மாலை இட்வல் ஒவ்வொரு நட்டுக்கும் மேலே இன்னொரு நட்டைப் பூட்டி, இரண்டையும் வேலிக் கம்பியால் கட்டி, முறுக்கினான். நீலக் கோடு உச்சியில் நின்றது. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டான். உறக்கத்தில் எங்கோ இரும்பின்மேல் இரும்பு உரசுவது கேட்டது. பொறுமையான ஓசை. அவசரமில்லாத கைகள் எழுப்பும் ஓசை.

காலையில் பூட்டு அப்படியே இருந்தது. நீலக் கோடு இடப்பக்கம் இரண்டு விரல்.

அவன் முறுக்கிக் கட்டிய கம்பி ஓட்டுநர் இருக்கையின்மேல் கிடந்தது. நான்கு விரல்களைச் சுற்றி வளையமாக்கி, நுனியை உள்ளே செருகி, அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வைக்கோல் கட்டும் கயிற்றையும் வேலிக் கம்பியையும் அந்த வீட்டில் அப்படிச் சுருட்டி வைக்கும் வழக்கம் ஒருவனுக்கு மட்டுமே இருந்தது. இருக்கையின் துணி ஈரமாக இருந்தது. தொட்ட விரலில் சாம்பல் நிறச் சேறு. ஸ்லேட் அரைபட்ட சேறு.

கெர்வினின் எச்சரிக்கை இனி அவனைத் தடுக்கவில்லை. கிளாம்புகளை மட்டும் மறுபடி இறுக்கினான், தண்டைத் திருப்பவில்லை. நடு நட்டைக் கழற்றி, வீலை அச்சின் பற்களிலிருந்து பிடுங்கி, ஒரு பல் தள்ளி மாட்டினான். நீலக் கோடு உச்சிக்கு வந்தது. பொய்யான நேர். ஆனாலும் நேர். கராஜ்வரை இறங்கும் பாதைக்கு இது போதும். வேறொரு காலையை இந்த வண்டியோடு காண முடியாது என்பது மட்டும் அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது.

பிற்பகலில் மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. அது முதலில் உச்சியை எடுத்துக்கொண்டது, பிறகு கல்மதில்களை, பிறகு முற்றத்தின் மறுமுனையை. இட்வல் இடப்பக்கக் கதவைத் திறந்தபோது, அவனை முந்திக்கொண்டு மோட் உள்ளே தாவியது. எல்கனின் நாய். பிப்ரவரியிலிருந்து அது இந்த வண்டியை அண்டியதில்லை. மழையோ பனியோ, மலைக் கேட்டடியில்தான் படுத்துக்கிடந்தது. இட்வல் கூப்பிட்டால் வராது; அவன் வைக்கும் உணவை அவன் போனபின்தான் உண்ணும். இப்போது நடு இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்திருந்தது. இட்வல் அதைத் தாண்டி ஸ்டியரிங்குக்குப் பின்னால் நகர்ந்தான். நாய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குச் சற்று மேலே, எல்கனின் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்தது. அதன் வால் இருக்கையைத் தட்டிக்கொண்டிருந்தது.

எஞ்சின் ஒரே திருப்பில் கிளம்பியது. முற்றத்தின் வாயிலில் வலப்பக்கம் ஊர். இடப்பக்கம் மலை, கேட், குவாரி. இட்வல் வீலை வலப்பக்கம் திருப்பினான்.

வீல் திரும்பியது. எடையே இல்லாமல், மேசைமேல் சுழற்றிவிட்ட தட்டுப்போல, எதனோடும் தொடர்பில்லாமல் அவன் கைகளுக்குள் சுழன்றது.

வண்டி இடப்பக்கம் திரும்பியது.

பிரேக்கை மிதித்தான். மிதி தரைவரை போய், அங்கேயே கிடந்தது. சாவியைத் திருப்பினான். எஞ்சின் அடங்கியது, முகப்பு விளக்குகள் அணையவில்லை. வண்டி நிற்கவில்லை. எஞ்சினின் இரைச்சல் போனபின், சரளைமேல் டயர்கள் அரையும் ஓசையும் நாயின் மூச்சும் மட்டுமே மிஞ்ச, அது மேட்டுப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது, நிதானமாக, குழிகளை அறிந்து விலக்கியபடி, மதிலின் முனையில் சற்றே ஒதுங்கி, ஓடைக் கல்லின்மேல் மெதுவாகி, இந்தப் பாதையில் ஆயிரம் முறை போய்வந்த ஒருவன் ஓட்டுவதைப்போல. வலக்கதவை அவன் தோளால் இடித்தான். அது எப்போதும்போல் இறுகியிருந்தது. இடப்பக்கம் நகர முயன்றபோது மோட்டின் உதடு பற்களிலிருந்து மேலேறியது. அவன் கைகளைத் திரும்ப வீலின்மேல் வைத்தான். வேறெங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நீலக் கோடு மெல்ல நகர்ந்தது. அவன் கைகளுக்கு அடியில், அவன் கைகளைச் சட்டைசெய்யாமல். இடப்பக்கம் இரண்டு விரலில் போய் நின்றது.

மலைக் கேட் மூடுபனியிலிருந்து எழுந்து வந்தது. வண்டி அதற்கு முன்னால், கேட் திறப்பதற்கு வேண்டிய இடைவெளியை அளந்து விட்டு, நின்றது. கைப்பிரேக் மேலேறும் ஓசை கேட்டது. லீவரை அவன் தொட்டிருக்கவில்லை.

இடக்கதவு திறந்தது. மோட் குதித்து இறங்கி, கேட்டை நோக்கி ஓடியது. இட்வல் இருக்கைகளின்மேல் ஊர்ந்து, சரளையில் விழுந்தான். மண்டியிட்ட நிலையில், விளக்கொளியின் சிதறலில், வண்டியின் அடிப்பக்கம் அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. அவன் மாட்டிய புதுத் தண்டு அங்கே இல்லை. பாசியும் சேறும் படிந்த பழைய தண்டு இருந்தது. வளையாத தண்டு. மரை கழன்று வெறுமையான அதன் நுனி ஒன்றோடும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நீர் சொட்டியது. குளத்தின் மணம்.

ஓடு என்றது மனம். வீடு கீழே, கூப்பிடு தூரத்தில். அவன் எழுந்தான்.

“டேய். கேட்டு.”

உரக்கச் சொல்லப்படவில்லை. அதட்டலும் இல்லை. திறந்திருந்த ஜன்னலிலிருந்து, சலிப்போடு, வழக்கமாக வருமே, அப்படி வந்தது.

அவன் கை ஏற்கெனவே தாழ்ப்பாளின்மேல் இருந்தது. எப்போது நடந்தான், எப்போது குனிந்தான் என்று அவனுக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகளாக அந்தச் சொல்லுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் அவன் இருந்ததேயில்லை. கேட்டைத் தூக்கித் தள்ளினான். ஓரமாக நின்று பிடித்துக்கொண்டான். வண்டி அவனைக் கடந்து போனது. கடக்கும்போது ஓட்டுநர் ஜன்னலைப் பார்க்காமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு உள்ளே வந்து, கேட்டைத் தள்ளி மூடி, தாழ்ப்பாளைப் போட்டு, சங்கிலியைக் கொக்கியில் மாட்டினான்.

கொக்கி விழுந்த ஓசையில்தான் கண்விழித்தவன்போல் ஆனான்.

கேட்டின் அந்தப் பக்கம் வீடு. இந்தப் பக்கம் வண்டியும் குவாரியும். அவன் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். வெளியே நின்று மூடியிருக்கலாம். ஒரே ஒரு அடி. மலைப்பாதையில் வளராத எந்த மனிதனும் வெளியேதான் நின்றிருப்பான். கேட்டைத் திறந்துவிட்டவன் மூடியபின் வண்டியோடு போக வேண்டியவன் என்பதைத் தவிர வேறெதையும் அவன் கால்கள் கற்றிருக்கவில்லை.

சங்கிலியை இழுத்தான். கொக்கி அசையவில்லை. கம்பியில் கால் வைத்து ஏறினான்.

மறுபக்கம் மோட் நின்றது. குரைக்கவில்லை. வயிற்றைத் தரையோடு தாழ்த்தி, ஒரு முன்காலை மடக்கித் தூக்கி, கண்ணிமைக்காமல் அவனைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவன் அறிவான். மந்தையிலிருந்து பிரிந்த ஆட்டை அது அப்படித்தான் பார்க்கும்.

வண்டியிலிருந்து சீழ்க்கை எழுந்தது. இரண்டு விரல்களை வாயில் வைத்து எழுப்பும் சீழ்க்கை. தாழ்ந்து தொடங்கி, நீண்டு, முடிவில் மேலேறி. ‘கொண்டு வா’ என்பதற்கு எல்கன் வைத்திருந்த சீழ்க்கை.

நாய் கேட்டைத் தாண்டியது.

இட்வல் வலப்பக்கம் விலகினான். அது அங்கே இருந்தது. இடப்பக்கம். அங்கேயும். மதிலை நோக்கி ஓடினான்; மூடுபனிக்குள்ளிருந்து அது அவன் கணுக்காலுக்கு முன் எழுந்தது. கடிக்கவில்லை. கடிக்க வேண்டிய தேவை அதற்கு ஒருபோதும் வந்ததில்லை. ஒவ்வொரு அடியாக. பின்னால். இன்னும் பின்னால். சீழ்க்கை குறுகி ஒலித்தது: மெதுவாக. நாய் மெதுவாகியது. அவனும் மெதுவாகினான்.

முதுகில் இரும்பு பட்டது. திறந்த கதவின் விளிம்பு.

ஏறி உட்கார்ந்தான். இடது இருக்கை. அவனுடைய இருக்கை. துணியில் அவன் உடலின் பள்ளம் இன்னும் இருந்தது.

மோட் ஏறவில்லை. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வேலை முடித்த நாயாக, கேட்டடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. கதவு சாத்திக்கொண்டது.

வலப்பக்கம் அவன் பார்க்கவில்லை. முன்கண்ணாடியை மட்டும் பார்த்தான். ஆனால் ஓட்டுநர் இருக்கையின் சுருள்கம்பிகள் கனத்தில் அமுங்குவது கேட்டது. சொட்டுச் சொட்டாக நீர் விழுவது கேட்டது. பார்வையின் ஓரத்தில் வீல் தெரிந்தது, இடப்பக்கம் இரண்டு விரல் சரிந்து, ஓய்வாக.

கைப்பிரேக் இறங்கியது.

பாதை சரிந்தது. வண்டி வேகம் எடுத்தது. கல்சில்லுகள் டயருக்கடியில் தெறித்தன. அவன் வாயைத் திறந்தான். அண்ணா என்று சொல்லத்தான். சொல்லி எத்தனையோ வருடங்களாகியிருந்தன. வாய் அந்தச் சொல்லுக்கு வரவில்லை.

விளக்கொளியில் வளைவு தெரிந்தது. அதற்கு அப்பால் பாதை இல்லை. மூடுபனியின் வெண்மை, அதன் அடியில் ஒரு கருமை. வண்டி திரும்ப வேண்டிய இடம் வந்தது.

அங்கே நீலக் கோடு நகர்ந்தது.

இரண்டு விரல். ஒரு விரல். அரை.

உச்சிக்கு வந்து நின்றது. இட்வல் அதை எப்படி வைக்க விரும்பினானோ அப்படி. கோணல் கொஞ்சமும் இல்லாமல்.

மிக நேராக.